நாலு கிலோ நூறு கிராம்

கிழக்குத் தாம்பரம்
17 ஜூலை 2006

ஜாகிர்,

பதினோரு மாதத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே இருவரும் கத்த ஆரம்பிக்கிறோம். மூன்றாவதில் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது என்று நினைக்கிறேன். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஜெயக்கொடி கீழ்க்கட்டளையில் உன் வீட்டை முடித்துக்கொண்டுதான் இங்கே வருகிறாள். போகும்போது இதைக் கொடுக்கச் சொல்கிறேன். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்.

என் மகள் பந்தயக் கார் ஓட்டுகிறேன் என்று உன் வீட்டில் வந்து உட்கார்ந்ததைப் பற்றி இனிமேல் பேச வரவில்லை. ஒரு வருஷம் என்று ஒப்புக்கொண்டோம். ஆகஸ்ட் ஆறாம் தேதிப் பந்தயத்தோடு அது முடிகிறது. முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் கோயம்புத்தூர் அணி அவளை எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் நாவலூர் கம்பெனியில் கிடைத்த வேலையில் சேருவாள். இதில் மாற்றமில்லை.

நேற்று இஃப்ரா துணி எடுக்க வந்திருந்தாள். "மாமா புது கிளட்ச் போட்டாச்சும்மா. ஃபிளைவீலையும் லேத்துல குடுத்து எளைச்சாச்சு. மிதிச்சா பறக்குது" என்றாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரே கேள்வி. அந்த ஃபிளைவீல் வார்ப்பிரும்பா, எஃகா?

வார்ப்பிரும்பு என்றால், அதைக் கடைந்து மெலிதாக்கி நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றவிடுவது என்ன ஆபத்து என்று இருபத்துமூன்று வருஷமாக மாணவர்களுக்கு உலோகவியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தெரியும். எஃகு வளையும். வார்ப்பிரும்பு வளையாது, எச்சரிக்காது; வெடிக்கும். உன் பழைய சிவப்புக் காரில் எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே அந்தச் சக்கரம் ஓட்டுபவரின் இடது பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் சுற்றுகிறது.

பதில் எழுது.

சித்திகா


கீழ்க்கட்டளை
19.7.2006

லாத்தா அவர்களுக்கு, ஸலாம்.

தங்கள் கடிதம் சங்கரா மீனோடு வந்து சேர்ந்தது. மீன் நன்றாக இருந்தது.

வார்ப்பிரும்புதான். மறைக்கவில்லை. வண்டியோடு வந்த பழைய ஃபிளைவீல் ஆறரை கிலோ. அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பழைய சாமான் கடையில் அதே அளவில் வேறு சக்கரம் எடுத்து, பல்லாவரம் சத்தியநாதன் அண்ணனிடம் கடையக் கொடுத்தேன். இப்போது நாலு கிலோ நூறு கிராம். ஜெயக்கொடி தராசிலேயே நிறுத்துப் பார்த்தோம். "இன்னா மெக்கானிக்கு, இது இன்னா மீனு? முள்ளு ஜாஸ்தியா கீது" என்றாள்.

எஃகில் அடித்துச் செய்த ஃபிளைவீல் கோயம்புத்தூரில் கிடைக்கும். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். ஆறு வாரம் என்னிடம் இல்லை. கெடு வைத்தது நான் இல்லை.

கிளட்ச்சும் யோசிக்காமல் போடவில்லை. செராமிக் பட்டை வைத்த பிளேட்டைப் போட்டுப் பார்த்தேன். கவ்வினால் விடாது, ஆனால் கிளம்பும்போது வண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சாதாரண பிளேட் அரை நாளில் கருகிப்போனது. கடைசியில் சாதாரண பிளேட்டையே வைத்து, அதை அழுத்திப் பிடிக்கக் கெட்டியான பிரஷர் பிளேட் போட்டேன். பெடல் கல் மாதிரி இருக்கிறது. பிள்ளை தினமும் காலில் தைலம் தேய்த்துக்கொண்டு மிதிக்கிறாள். இவ்வளவு செய்தும் வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சட்டென்று ஏறவில்லை. கனமான சக்கரம் அதைப் பிடித்து இழுத்தது. அதனால்தான் இளைக்க வைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடி குறைந்திருக்கிறது. மூன்றாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் எதையும் மாட்டமாட்டேன். கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. விரிசல் இருந்தால் ஓட்டைப் பானைச் சத்தம் வரும். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

தங்கள் தம்பி
ஜாகிர்


கிழக்குத் தாம்பரம்
21 ஜூலை 2006

ஜாகிர்,

'தங்கள்', 'அவர்கள்' எல்லாம் வேண்டாம். அத்தா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றுகூட நீ என்னை 'நீ' என்றுதான் அழைத்தாய்.

உன் காதை நான் குறை சொல்லவில்லை. உன் காதுக்குக் கேட்காத விரிசல்கள் உண்டு என்றுதான் சொல்கிறேன். தலைமுடியளவு விரிசல் உள்ள இரும்பும் கணீரென்று ஒலிக்கும். என் மேசை மேல் அப்படி ஒன்று இருக்கிறது, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக.

நான் கேட்பது இது. பழைய கனமான சக்கரத்தையே மாட்டு. கிளட்ச்சைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ தேர்ந்தெடுத்ததே சரி. ஒன்றரை நொடியை விட்டுவிடு. அதற்குச் சம்மதமில்லை என்றால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி என்னிடம் அனுப்பு. கல்லூரியில் சிவப்புச் சாயம் பூசி விரிசல் பார்க்கும் சோதனை இருக்கிறது. நானே செய்கிறேன்.

இஃப்ராவிடம் நேற்றுப் பேசினேன். சண்டை போடவில்லை. உலோகத்தைப் பற்றி மட்டும் பேசினேன். "நீ டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போட்டுக் குடும்மா. போட்டா உக்காருவேன். போடலன்னா உக்காரமாட்டேன்" என்றாள். என் பேச்சை அவள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? நான் அழவில்லை என்று அவளிடம் சொல்லிவிடு. மூக்கடைப்பு.

தூக்கம் வருவதில்லை ஜாகிர். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

சித்திகா


கீழ்க்கட்டளை
27.7.2006

லாத்தா,

அனுப்பியிருக்கிறேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டேன். ஜெயக்கொடியைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. "மீன் எட்த்துக்கினு போற கூடையில இரும்ப வக்கிற. நாளிக்கி ரயிலு எஞ்சின் குட்த்தாலும் தூக்கிகினு போவணுமா?" என்றாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து போகச் சொன்னேன்.

சீக்கிரம் பார்த்துச் சொல். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது சின்ன வேலையில்லை. ஒன்றரை மாதத்தில் நாலு முறை இறக்கிவிட்டேன். எஞ்சின் பக்கத்துப் போல்ட் துளை ஒன்றில் மரை தேய்ந்து கிடக்கிறது. இன்னொரு முறை திருகினால் பிடிக்குமா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். பிடிக்காவிட்டால் பந்தயமே இல்லை.

பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள்.

ஜாகிர்


கிழக்குத் தாம்பரம்
31 ஜூலை 2006

ஜாகிர்,

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, தனியாக உட்கார்ந்து சோதித்தேன். சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்து, விளிம்பு, ஆறு துளைகள், கடைந்த பள்ளம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். எங்கும் கசியவில்லை. ஏதாவது கசிந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஆனால் இல்லாததை எழுத எனக்குத் தெரியாது.

சத்தியநாதன் கடைசலில் நான் குறை காணவில்லை. மூலைகளை வளைவாக விட்டிருக்கிறார், விஷயம் தெரிந்தவர். ஆனால் எடை நாலு கிலோ நானூற்று அறுபது கிராம். நீ எழுதியது நாலு நூறு. மீன் தராசை நம்பிப் பந்தயக் கார் செய்கிற ஆள் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

சான்றிதழை இணைத்திருக்கிறேன். "என்னால் சோதிக்கப்பட்ட இச்சக்கரத்தின் மேற்பரப்பில் விரிசல் ஏதும் காணப்படவில்லை." அதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. இஃப்ராவிடம் கொடு.

பந்தயத்துக்கு நான் வரமாட்டேன். முடிந்ததும் போன் செய். உடனே செய்.

சித்திகா


கீழ்க்கட்டளை
2.8.2006

லாத்தா,

சக்கரமும் சான்றிதழும் கிடைத்தன. பிள்ளை அதை மூன்று முறை படித்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேஷ்போர்டில் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். "எங்கம்மா கையெழுத்து மாமா. இதுக்கு மேல இன்ஷூரன்ஸே வேணாம்" என்கிறாள். வளைவுகளில் பயமில்லாமல் போகிறாள். இதுவரை அவளிடம் இல்லாதது அந்தத் தைரியம் ஒன்றுதான். அதை நீ கொடுத்துவிட்டாய்.

கையேந்தித் துஆ செய். உனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் செய்.

ஜாகிர்


கீழ்க்கட்டளை, உன் ஒர்க்‌ஷாப் எதிரே டீக்கடை
4 ஆகஸ்ட் 2006, வெள்ளி, பகல் பன்னிரண்டே முக்கால்

ஜாகிர்,

நான் சோதித்தது காரில் இருக்கும் சக்கரம் இல்லை. உனக்கு அது தெரியும்.

இன்று காலை ஜெயக்கொடியிடம் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினேன். வீட்டுத் தராசில் வைத்தால் தொள்ளாயிரம்தான் இருந்தது. கேட்டேன். சிரித்தாள். "இன்னா டீச்சரம்மா இவ்ளோ பட்ச்சிகினு இப்டி கேக்குற? எந்த ஊர்லயாவது மீன்காரி தராசு கம்மியா காட்டுமா?" என்றாள். தலையை வெட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் தராசு கூட்டித்தான் காட்டும். ஒருநாளும் குறைத்துக் காட்டாது. அதில் நாலு கிலோ நூறு இருந்த சக்கரம் என் தராசில் நாலு கிலோவுக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும். எப்படி நாலு கிலோ நானூற்று அறுபது ஆகும்? இரும்பு கூடையில் வளருமா?

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பத்து நாளுக்கு மேல் ஓடிய சக்கரத்தில் கிளட்ச் பிளேட் உரசிய வளையம் இருக்க வேண்டும். நான் பார்த்தது பளபளவென்று இருந்தது. நீ கழுவி அனுப்பியதால் என்று நினைத்தேன். ஆறு துளைகளைச் சுற்றியும் போல்ட் தலை அழுந்திய தடம் ஒன்றுகூட இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன் ஜாகிர். விரிசலை மட்டும் தேடிக்கொண்டிருந்ததால் தடம் இல்லாதது கண்ணில் படவில்லை. அது ஒருநாளும் எந்த வண்டியிலும் ஏறாத சக்கரம்.

ஏழு முறை போன் செய்தேன். வெட்டுகிறாய். இஃப்ராவின் போன் அணைந்திருக்கிறது. ஆட்டோ பிடித்து வந்தால் ஷட்டர் பூட்டியிருக்கிறது. ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பாய் என்கிறார் டீக்கடைக்காரர். எந்தப் பள்ளிவாசல் என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பள்ளிகளின் வாசலிலும் போய் நின்று பார்த்தேன். உன் பைக் இல்லை. ஷட்டர் இடுக்கில் பார்த்தேன். உள்ளே காரும் இல்லை. "பாப்பா காலையிலயே வண்டிய எட்த்துக்கினு பூட்ச்சி மேடம். கேளம்பாக்கம் ரோடுன்னு நெனைக்கிறேன்" என்கிறார். நான் அங்கே போகிறேன். இதை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். எனக்கு முன்னால் நீ அவளைப் பார்த்தால்:

அவளை இறக்கு. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், இறக்கு. அவள் உன் வார்த்தையை நம்பி உட்காரவில்லை, என் கையெழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கிழித்துப் போடு. அம்மா பைத்தியம் என்று சொல். பந்தயம் போகட்டும், அணி போகட்டும், கெடுவை நான் எடுத்துவிடுகிறேன். பத்து வருஷம் ஓட்டட்டும். எதை வேண்டுமானாலும் ஓட்டட்டும். இன்று மட்டும் இறக்கு.

லாத்தா


குரோம்பேட்டை, மருத்துவமனை
9.8.2006

லாத்தா,

நீ வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறாய். கண்ணாடி வழியாக உன் முதுகு தெரிகிறது. உள்ளே வந்தால் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்க்கிறாய், என்னைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இஃப்ரா கொண்டுவந்து தருவாள். ஒட்டியிருக்கிறேன், அவள் படிக்கமாட்டாள்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. சத்தியநாதன் அண்ணன் இரண்டு சக்கரம் கடைந்தார். ஒரே கடையில் எடுத்தது, ஒரே நாள், ஒரே லேத், ஒரே கை. இரண்டாவதைக் கடைசி ஒரு சீவல் சீவாமல், கொஞ்சம் கனமாகவே உபரியாக வைத்திருந்தேன். நீ கேட்டபோது வண்டியில் இருந்ததை இறக்க எனக்குப் பயம், அந்த மரை தேய்ந்த துளையை நினைத்து. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நினைத்தேன். நீங்களும் கல்லூரியில் நூறு கம்பிக்கு ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்துத்தானே நூறுக்கும் எழுதித் தருகிறீர்கள்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கையெழுத்துப் போட்டிருக்கமாட்டாய். அதனால் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அது பொய்யானது. சக்கரத்தை இறக்கிவிட்டேன் என்று பிள்ளையிடமும் சொல்லி, அது திரும்பி வரும்வரை வண்டியைத் தொடவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மேடவாக்கம் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினேன். உன் கடிதம் காலில் பட்டது. நீ கேளம்பாக்கம் சாலையில் தேடிக்கொண்டிருந்த நேரம், அவள் நாவலூரில் இருந்தாள், புது அடுக்ககங்களுக்காகப் போட்டு இன்னும் யாரும் குடிவராத, நாங்கள் வழக்கமாக ஓட்டிப் பழகும் சாலையில். நான் போனபோது பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். "எறங்கும்மா, கிளட்ச் கேபிள் பாக்கணும்" என்றேன். "காலைலதான பாத்தீங்க மாமா" என்றாள். "எறங்குன்றேன்ல!" என்று கத்திவிட்டேன். அவளிடம் ஒருநாளும் கத்தியதில்லை.

நீ சொன்னதை நம்பி அவளை இறக்கினேன் என்று நினைக்காதே. பாதி நம்பினேன். மீதிப் பாதி, உன்னைப் பொய்யாக்கத்தான் நானே ஏறினேன். ஏழாயிரம் வரை போய்த் திரும்பி வந்து, 'பார் லாத்தா, என் காது' என்று எழுத வேண்டும் என்றிருந்தது. டேஷ்போர்டில் உன் கையெழுத்து ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது கியர். ஆறாயிரத்து எண்ணூறு வரை பார்த்தேன்.

சத்தம் கேட்கவில்லை. பெடலைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெடலைத்தான் காணோம் என்று நினைத்தேன்.

டாக்டர் கணுக்காலுக்கு மேலே எடுத்திருக்கிறார். என் கால் போனதற்கு நான் அழவில்லை. அவளுக்கு என்னைவிடக் கால் குட்டை. சீட்டை நாலு விரல் முன்னால் தள்ளித்தான் உட்காருவாள். அதை நினைத்தால் வாய்க்குள் துணியை வைத்துக் கடிக்கிறேன்.

அவளை நான் கொல்லப் பார்த்தேன். சார்ஜாவில் இருக்கும் அவள் அத்தாவுக்கு, மச்சானுக்கு, என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. இதையே சொல். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துத் திட்டு. அது போதும்.

ஜாகிர்


கிழக்குத் தாம்பரம்
16 ஆகஸ்ட் 2006

ஜாகிர்,

திட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விபத்து நடந்த மறுநாள் நானும் இஃப்ராவும் நாவலூர் போய்ச் சக்கரத்தின் துண்டுகளைப் பொறுக்கினோம். ஏழு கிடைத்தன. ஒன்று அறுபதடி தள்ளி மணல் குவியலில் இருந்தது. எல்லாவற்றையும் கல்லூரிக்குக் கொண்டுபோய், உடைந்த முகங்களை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். நேற்று மாலைதான் முடிந்தது.

நான் தேடியது உன் குற்றத்தை. கிடைத்தது வேறு.

அந்தச் சக்கரத்துக்குள் ஓர் உளுந்தளவு காற்றுக்குழி. எப்போதோ, எந்த வார்ப்படச் சாலையிலோ, உருக்கிய இரும்பை ஊற்றும்போது சிக்கிய காற்று. மேற்பரப்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே. விரிசல் அதிலிருந்து கிளம்பி உள்ளுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்தது கடைசி நாளில்தான். அனேகமாகக் கடைசி நிமிஷத்தில்.

இதன் அர்த்தம் உனக்குப் புரிய வேண்டும் என்பதால் நிறுத்தி எழுதுகிறேன். என் சிவப்புச் சாயம் மேற்பரப்பைத் தொட்ட விரிசலை மட்டும்தான் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. நீ யோக்கியனாக, கியர்பாக்ஸை இறக்கி, அந்தச் சக்கரத்தையே எனக்கு அனுப்பியிருந்தால், நான் அதே போலப் பூசி, துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "விரிசல் ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எடை சரியாக இருந்திருக்கும். தடம் சரியாக இருந்திருக்கும். எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. டீக்கடையில் உட்கார்ந்து எதையும் எழுதியிருக்கமாட்டேன். அவள் சீட்டை நாலு விரல் முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

உன் பொய்யால்தான் அவள் இறங்கினாள். எழுதக் கை கூசுகிறது. நீ இதை அல்லாஹ்வின் நாட்டம் என்பாய். எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உன் காதும் தவறியிருக்கும், என் லென்ஸும் தவறியிருக்கும். கெடு வைத்தவளும் நான். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நீ வாழ்நாள் முழுவதும் என்னிடம் தலைகுனிந்தே இருந்திருப்பாய். ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இஃப்ராவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ கூட இருக்கும்போது சொல்ல வேண்டும். அவள் ஏற்கெனவே கோயம்புத்தூருக்கு எஃகு ஃபிளைவீல் கேட்டு எழுதிவிட்டாள். ஆறு வாரம் காத்திருப்பாளாம். கெடு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். "இதுக்கும் கையெழுத்துப் போடுவியாம்மா?" என்று கேட்டாள்.

ஜெயக்கொடி உனக்கென்று தனியாகக் கொடுவா மீன் கொடுத்தாள். நிறுக்கவில்லை. புளி ஊற்றி ஆணம் வைத்து எடுத்துக்கொண்டு நாளை வருகிறேன். உள்ளே வருவேன்.

நேற்று இஃப்ரா என்னை உன் ஒர்க்‌ஷாப் வேனில் கல்லூரியிலிருந்து அழைத்து வந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் கிளட்ச்சை மிதித்த ஒவ்வொரு முறையும் என் இரண்டு கால்களும் தாமாகவே சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டன. சேலையூர் வரைக்கும் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் கியர் மாற்றாமல் இரண்டாவதிலேயே வந்தாள்.

சித்திகா